ஹூவர், எலக்ட்ரோலக்ஸ், கிர்பி: பழைய வேக்குவம் கிளீனரில் முதலில் எதை எடுக்கலாம்?

பழைய வேக்குவம் கிளீனர் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் முதலில் மயங்குவது பளபளப்பில்தான். குரோம் மின்னுகிறதா, பெயர்ப் பட்டை உரியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை நீட்டிவிடுகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு: உறிஞ்சிய தூசி உள்ளே எந்த வழியாகப் போகிறது?

இதில் இரண்டு வகை. ஹூவர், கிர்பி மாதிரி நிமிர்ந்த கைப்பிடி மெஷின்களில் தூசி நேராக விசிறிக்குள் போய், அதைக் கடந்துதான் பையில் விழும். எலக்ட்ரோலக்ஸ் மாதிரி உருளை வடிவ மெஷினில் தூசி முதலில் பையில் தங்கிவிடும். வடிகட்டிய காற்றுதான் விசிறிக்கும் மோட்டாருக்கும் போகும். பல பத்தாண்டுகள் ஓடிய மெஷினைத் திறக்கும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முதல் வகையில் விசிறி இதழ்கள் மணல் தேய்த்த மாதிரி இருக்கும். ஆணியோ காசோ பட்டு ஒரு ஓரம் உடைந்திருக்கலாம். அப்படி உடைந்தால் விசிறியின் சமநிலை போய்விடும். அந்த அதிர்வு, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கைத் தின்றுவிடும். இரண்டாவது வகையில், பையை ஒழுங்காகப் போட்டு ஓட்டியிருந்தால், மோட்டார் ஆச்சரியமான சுத்தத்தோடு இருக்கும்.

அழகில் முதலிடம் ஹூவருக்குத்தான். அமெரிக்காவின் ஓஹையோவில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர் 1908-இல் காப்புரிமை வாங்கிய மெஷினில் தொடங்குகிறது அந்தக் கதை. அதை வாங்கித் தொழிலாக்கியது தோல் பொருள் வியாபாரத்தில் இருந்த ஹூவர் குடும்பம். 1926-இல் வந்த மாடல் 700-இல் கம்பளத்தைத் தட்டித் தூசியைக் கிளப்பும் உருளை சேர்ந்தது. 1936-இல் வந்த மாடல் 150-ஐ வடிவமைத்தவர் ஹென்றி டிரைஃபஸ். மேலே பேக்கலைட் என்ற பழங்காலப் பிளாஸ்டிக்கில் மூடி, உடலில் மக்னீசியக் கலவை. இன்று பார்த்தாலும் நவீனமாகத் தெரியும்.

ஆனால் புதிதாகக் கை வைப்பவருக்கு இது சரியான மெஷின் அல்ல. பேக்கலைட்டில் விரிசல் விட்டால் ஒட்டலாம், மறைக்க முடியாது. பொடி கலந்து அச்சில் வார்த்த பொருள் அது. தண்ணீரில் ஊறப் போட்டால் மேற்பரப்பு மங்கி நிறம் கெடும். ஈரத்துணியில் துளி சோப்பு, உடனே உலர்த்தல், பிறகு மெழுகு, அவ்வளவுதான். மக்னீசியம் இன்னும் வம்பு. வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தால் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மக்னீசியத் தூள் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது நெருப்பை இன்னும் வளர்க்கும். கையால், மெதுவாக, தூளைச் சேரவிடாமல் தேய்ப்பதுதான் வழி.

எலக்ட்ரோலக்ஸ் வேறு ரகம். தரையில் சறுக்கிப் போகும் உருளை மெஷினை அந்த நிறுவனம் 1921-இல் மாடல் V என்ற பெயரில் ஸ்வீடனில் கொண்டு வந்தது. சேகரிப்பவர்கள் தேடுவது 1937-இல் அமெரிக்காவில் வந்த மாடல் 30. லுரெல் கில்ட் வடிவமைத்தது, ரயில் என்ஜின் சாயல். மோட்டார் பக்கம் இதில் தலைவலி குறைவு. தலைவலி எல்லாம் ஹோஸில். கம்பிச் சுருள் மேல் நெய்த நூல் உறை. உள்ளே காற்றை அடைக்கும் பூச்சு உதிர்ந்தால் வழியெல்லாம் காற்று கசியும். சோதிப்பது சுலபம்: மெஷினை ஓட்டிவிட்டு, ஹோஸின் நுனியை உள்ளங்கையால் அடையுங்கள். கை ‘சட்’டென்று இழுபட்டு, மோட்டார் சத்தம் மாறினால் ஹோஸ் பிழைத்தது. இழுப்பு சோம்பலாக இருந்தால் எங்கோ ஓட்டை. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தையும் பாருங்கள். அது கல்லாகியிருந்தாலும் இதே அறிகுறிதான். இன்னொன்று, இதில் சுழலும் பிரஷ் கிடையாது. வெறுந்தரையில் நன்றாக உறிஞ்சும்; தடித்த கம்பளத்தில் சுமார்தான்.

கிர்பி? அழகுப் போட்டியில் மூன்றாவது என்பேன், ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் ஓட்டிப் பயன்படுத்த ஒரு பழைய மெஷின் வேண்டும் என்றால் 1970-களின் கிளாசிக் மாதிரி ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வார்ப்பு அலுமினிய உடம்பு. கறுத்துப் போனாலும் தேய்த்து மெருகேற்றும் பஃப் சக்கரமும் பாலிஷும் பொறுமையும் இருந்தால் கண்ணாடியாகிவிடும். பல பத்தாண்டு மாடல்களுக்கு ஒரே பெல்ட் பொருந்தும். இது சின்ன விஷயம் இல்லை, மற்ற இரண்டுக்கும் உதிரிக்காக அலைந்தவர்களுக்குத் தெரியும். கனம்தான் குறை. வாங்கும் முன் முன்தலையைக் கழற்றி, டார்ச் அடித்து விசிறியைப் பாருங்கள். தண்டைக் கையால் சுற்றும்போது கரகரவென்றால் பேரிங் போயிற்று, மாற்றிவிடலாம். விசிறியே உரசினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஆக, முதல் மெஷினுக்கு என் ஓட்டு கிர்பிக்கு. ஹோஸ் நல்ல நிலையில் கிடைத்தால் மட்டும் எலக்ட்ரோலக்ஸ். ஹூவர் 150 மூன்றாவதாக வரட்டும், கை பழகிய பிறகு.

எதை எடுத்தாலும் மின்சாரத்தில் அவசரம் கூடாது. பழைய ரப்பர் ஒயரை மடக்கினால் பொரிந்து உள்ளே செம்பு தெரியும். அதைத் தயங்காமல் மாற்றுங்கள். பெயர்ப் பட்டையில் 110 அல்லது 120 வோல்ட் என்று இருந்தால் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகவே கூடாது, மோட்டார் சில நொடிகளில் கருகிவிடும். மெஷினின் வாட்டைத் தாங்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். முதல் ஓட்டத்துக்குச் சீரீஸ் பல்பு, அதாவது மின்சாரம் தன் வழியாகவே மெஷினுக்குப் போகும்படி இணைத்த பல்பு, போட்டுக்கொண்டால், உள்ளே ஷார்ட் இருந்தாலும் பல்பு முழுசாக எரிந்து காட்டிக்கொடுக்கும், காயில் தப்பிக்கும். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷைக் கழற்றி நீளம் பாருங்கள். அது உரசும் செம்புப் பட்டைகள் கொண்ட கம்யூட்டேட்டர் ஒரே சீரான பழுப்பாக இருந்தால் நல்லது. சில பட்டைகள் மட்டும் கறுத்திருந்தால் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) காயிலில் கோளாறு என்று சந்தேகப்படலாம், அந்தச் செலவு மெஷினின் விலையையே தாண்டிவிடும்.

அப்புறம் இந்தப் பழைய தகராறு: புதுசு மாதிரி ஆக்குவதா, இருந்தபடியே வைப்பதா? கிர்பியை மின்னவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை, உலோகம் உலோகம்தான். எலக்ட்ரோலக்ஸ், ஹூவர் விஷயத்தில் நான் இருந்தபடியே வைக்கும் கட்சி. ஹூவரின் துணிப் பையில் அச்சிட்ட எழுத்து ஒருமுறை துவைத்தாலே மங்கலாம். புதுப் பை தைத்துப் போட்டு ஓட்டுங்கள், பழையதைத் தூசி தட்டி மடிக்காமல் தனியே வையுங்கள். கழற்றிய ஒயர், பிளக், ஸ்குரூ எதையும் எறிய வேண்டாம். பெயர் எழுதிய கவரில் போட்டு மெஷினோடு கொடுத்தால், அடுத்து வாங்குபவர் விலை பேசும்போது அந்தக் கவரையும் சேர்த்தே பேசுவார்.