சுரங்க ரயில் நின்றால் ஈஸ்ட் ஹாமிலிருந்து வேலைக்கு எப்படிப் போவது?

லண்டனில் சுரங்க ரயில் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்துவிட்டால் போதும், கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமின் கடைத்தெருவான எங்கள் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காய் பொறுக்குகிறவர் முதல் முடி வெட்டுகிறவர் வரை எல்லோரும் போக்குவரத்து வல்லுநர்களாகிவிடுவார்கள். ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அவை பெரும்பாலும் சரியான வழிகள்தான். ஆனால் எல்லாமே காலைக்கானவை. மாலையில் வீடு திரும்புவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. காலையில் தாமதமானால் அலுவலகத்துக்கு ஒரு தகவல் அனுப்பிவிட்டுச் சாவகாசமாகப் போகலாம். மாலை ஆறு மணிக்குக் களைப்போடு நடுநகரில் மாட்டிக்கொண்டவன் யாருக்குத் தகவல் அனுப்புவான்? அதனால் எந்த வழியையும் நான் முதலில் திரும்பி வரும் பயணத்தை வைத்தே எடைபோடுகிறேன்.

என் அலுவலகம் நடுநகரில், மூர்கேட்டில். மற்ற நாட்களில் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். 2025 செப்டம்பரில் ஆர்எம்டி தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது, 8ஆம் தேதி திங்கள் முதல் 11ஆம் தேதி வியாழன் வரை நான்கு வேலைநாட்கள் ட்யூப் (சுரங்க ரயிலுக்கு லண்டன்காரர்கள் வைத்த பெயர்) ஏறக்குறைய முழுவதுமாக நின்றது. நிர்வாகம் 3.4 சதவீத ஊதிய உயர்வு தருவதாகச் சொன்னது. சங்கம் வார வேலைநேரத்தை 35 மணியிலிருந்து 32 மணியாகக் குறைக்கக் கேட்டது. யார் பக்கம் நியாயம் என்ற வழக்கை இங்கே எடுக்கப் போவதில்லை. அந்த நான்கு நாட்களையும் நான்கு வழிகளில் போய்ப் பார்த்தேன். நாளொரு பாடம்.

திட்டம் போடுவதற்கு முன் இரண்டு செய்திகள். முதலாவது, சட்டப்படி சங்கம் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். ஆகவே யோசிக்க நேரம் இருக்கிறது. அதே நேரத்தில், அறிவித்த வேலைநிறுத்தம் கடைசி நிமிடத்தில் கைவிடப்படுவதும் சகஜம். 2024 ஜனவரியில் மேயர் சாதிக் கான் கூடுதலாக 3 கோடி பவுண்டு தேடித் தந்ததும், தொடங்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையன்றே போராட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. எனவே முன்பணம் கட்டி இடம் பிடிக்கும் எந்த ஏற்பாட்டையும் நான் தொடுவதில்லை.

இரண்டாவது, யார் வேலைநிறுத்தம் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஓட்டுநர்களில் பெரும்பாலோர் ஆஸ்லெஃப் சங்கத்தினர். நிலைய ஊழியர்கள் பலர் ஆர்எம்டி. நிலைய ஊழியர்கள் மட்டும் வராவிட்டாலும் சிக்கல்தான். 1987 நவம்பரில் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் பற்றிய தீயில் 31 பேர் இறந்தார்கள். அதன் பின் வந்த விதிகளின்படி, போதிய ஊழியர் இல்லாமல் நிலத்தடி நிலையங்களைத் திறந்து வைக்க முடியாது. ஈஸ்ட் ஹாம் வெட்டவெளி நிலையம். நாம் போய் இறங்கும் நிலையங்களோ நிலத்துக்குள் இருப்பவை. ரயில் ஓடினாலும் இறங்க இடமிருக்காது.

திங்கட்கிழமை: எலிசபெத் லைன்

ஊரே சொல்லும் வழி இதுதான். லண்டனைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் இந்த ரயில் ட்யூபைச் சேர்ந்ததல்ல, அதனால் அன்றைக்கும் ஓடியது. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் வடக்கே நேராக நடந்து, முருகன் கோயில் இருக்கும் சர்ச் ரோடு திருப்பத்தைத் தாண்டி, ரோம்ஃபோர்ட் ரோட்டைக் கடந்தால் மேனர் பார்க் நிலையம். இருபது நிமிட நடை. ஒன்பது பெட்டிகள், 200 மீட்டருக்கு மேல் நீளம், 1,500 பேரை ஏற்றிக்கொள்ளும் ரயில். லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அங்கே இந்த லைனின் நடைமேடை மிக நீளமானது. அதன் மேற்கு முனையில் ஏறினால் மூர்கேட்டிலேயே வெளியே வரலாம். வேலைநிறுத்த நாளில் அந்த வாசல் திறந்திருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ட்யூபோடு சேர்ந்த நிலையங்களில் சில நேரங்களில் ரயில் நிற்காமலே போவதும் உண்டு.

6.40க்கு மேனர் பார்க்கில் இருந்தால் காலைப் பயணத்தில் குறையே இல்லை. எட்டு மணிக்கு வந்தவர்களின் கதை வேறு. ரோம்ஃபோர்டும் இல்ஃபோர்டும் ஏற்கெனவே நிரப்பி அனுப்பிய ரயிலில் நமக்கு மிச்சம் கதவோரம்தான்.

மாலையில்தான் இதன் பலவீனம் தெரிகிறது. லிவர்பூல் ஸ்ட்ரீட்டின் கீழ்த்தளம் இந்த லைனுக்கு ஓர் இடைநிலையம். பாடிங்டனில் தொடங்கி நடுநகரம் முழுவதும் ஆட்களை அள்ளிக்கொண்டு வரும் ரயில் அது. நாம் வரிசையில் நின்று கீழே இறங்கி, நிரம்பிய பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கலாம். ஒரு குறுக்கு வழி இருக்கிறது: நெரிசல் நேரத்தில் சில எலிசபெத் லைன் ரயில்கள் லிவர்பூல் ஸ்ட்ரீட்டின் மேல்தளத்திலிருந்தே, ரோம்ஃபோர்டுக்கு அடுத்த கிடியா பார்க்குக்குப் புறப்படுகின்றன. காலியாக நிற்கும் வண்டி. மேனர் பார்க்கில் நிற்கும். கீழே இறங்கும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்றும் ஒரு மனம் சொல்கிறது.

செவ்வாய்க்கிழமை: பஸ்

115 எங்கள் ஊரிலேயே புறப்படுகிறது, ஆல்ட்கேட்டில் முடிகிறது. இரண்டு முனையிலும் காலி வண்டி, அதனால் இரண்டு வேளையும் உட்கார இடம். என் அளவுகோலில் இதுதான் முதல் பரிசுக்கு உரியது என்று முந்தின இரவு மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். செவ்வாயன்று டிஎல்ஆர் என்ற கிழக்கு லண்டன் இலகு ரயிலின் ஊழியர்களும் வேலைநிறுத்தம் என்பதைக் கவனிக்கவில்லை. கேனிங் டவுன், பாப்லர், லைம்ஹவுஸ் என்று டிஎல்ஆரை நம்பியிருக்கும் பகுதிகள் வழியாகத்தான் 115 போகிறது. கமர்ஷியல் ரோட்டில் பஸ் நத்தையாக ஊர்ந்தது. ஒரு மணி ஐம்பது நிமிடம். உட்கார்ந்துதான் போனேன், மறுக்கவில்லை. வேலைநிறுத்தச் செய்தியைப் படிக்கும்போது எந்த ரயில், எந்தத் தேதி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்பது அன்றைக்குக் கிடைத்த பாடம்.

ரோம்ஃபோர்ட் ரோட்டில் ஓடும் 25 இல்ஃபோர்டிலிருந்து வருகிறது. ஸ்ட்ராட்ஃபோர்ட், மைல் எண்ட், வைட்சேப்பல் வழியாக நகருக்குள் போகிறது. எட்டு மணிக்கு அதில் ஏற முயல்வது வீரம், விவேகமல்ல. செலவைப் பார்த்தால் பஸ்ஸை எதுவும் வெல்லாது. நான் எழுதும் வேளையில் 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் ஏறினால் மறு கட்டணம் கிடையாது. ஆனால் வேலைநிறுத்த நாளில் அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் முதல் பஸ்ஸிலேயே கழிந்துவிடுகிறது.

என் மனைவிக்கு இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். அவள் வைட்சேப்பலில் மருத்துவமனைத் தாதி. காலை ஏழரைக்குப் பணி தொடக்கம், இரவு எட்டுக்கு மேல் முடிவு. 5.45க்கு 25 பஸ்ஸில் ஏறினால் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். இரவு திரும்பும்போது நெரிசல் வடிந்திருக்கும். நான்கு நாளும் அதே பஸ், அதே மேல்தட்டு இருக்கை. நான் வரைபடம் விரித்து விளக்கும்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டு மதியச் சோற்றைக் கட்டுவாள்.

புதன்கிழமை: சைக்கிள்

ஏழு மைல் தூரம். வேலைநிறுத்தத்தால் பயண நேரம் அதிகம் மாறாத ஒரே வழி சைக்கிள்தான். எங்கள் பக்கத்துக்கு ஒரு கொடுப்பினை: பெக்டனிலிருந்து ஹாக்னி விக் வரை வண்டிகளே இல்லாத கிரீன்வே. 1858இல் தேம்ஸ் நாறி நாடாளுமன்றமே மூக்கைப் பிடித்தபின் பொறியாளர் ஜோசப் பேஸல்ஜெட் கட்டிய பெருஞ்சாக்கடையின் முதுகு அது. அதன் மேல் காலையில் காற்று வாங்கிக்கொண்டு ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை வந்து, அங்கிருந்து போ ரோடு, மைல் எண்ட் வழியாக ஆல்ட்கேட் போகும் சைக்கிள் பாதையில் சேர்ந்தால், வியர்வையோடு சேர்த்து 55 நிமிடம்.

காலையில் ராஜா. மாலையில் ஏழரைக்குக் கிளம்பினேன்; இருட்டிவிட்டது. விளக்கின் மின்கலத்தை முந்தின நாளே ஏற்றியிருக்க வேண்டும். மறந்தது என் தப்பு. கிரீன்வேயில் பல இடங்களில் வெளிச்சமே இல்லை. ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கி மிச்ச தூரத்தைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஆறு மணிக்குள் கிளம்ப முடிகிற, சாலைப் பழக்கமுள்ள ஆளுக்கு இதுவே சிறந்தது. ஆறு மாதமாகக் கொட்டகையில் கிடந்த சைக்கிளை வேலைநிறுத்த நாளன்றுதான் வெளியே எடுப்பேன் என்பவருக்கு வேண்டாம். அன்றைக்கு வாடகை சைக்கிளை நம்புவதும் வீண். எட்டு மணிக்குள் தெருமுனைகள் காலியாகிவிடும்.

வியாழக்கிழமை: சி2சி

5 அல்லது 238 பஸ்ஸில் பக்கத்து ஊரான பார்க்கிங் (Barking) போய், அங்கே சி2சி என்ற புறநகர் ரயிலில் ஏறி, நடுநகரில் ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டில் இறங்கி, மூர்கேட்டுக்குக் கால் மணி நடை. காலையில் இது எலிசபெத் லைனைவிட மோசம். பஸ், ரயில், நடை என்று மூன்று கண்டம். சவுத்எண்ட் பக்கமிருந்து வரும் ரயிலில் பார்க்கிங்கில் நமக்காக யாரும் இடம் வைத்திருப்பதில்லை. வெஸ்ட் ஹாமில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: அந்த நிலையம் ட்யூப் ஊழியர்களின் பொறுப்பு, அது பூட்டியிருந்தால் சி2சி அங்கே நிற்காது. பார்க்கிங் நிலையம் சி2சியின் கையில் இருக்கிறது.

ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் ஒரு விசித்திரமான முனையம். மொனாபலி விளையாட்டின் லண்டன் பலகையில் இருக்கும் நான்கு நிலையங்களில் ஒன்று. ஆனால் நேரடி ட்யூப் இணைப்பு இல்லாததால் பாதி லண்டன்காரர்கள் அதில் கால் வைத்ததே இல்லை. ட்யூபே ஓடாத நாளில் அந்தக் குறை ஒரு குறையா? மாலை ஆறு மணிக்குப் போனேன். நான்கு நடைமேடைகள், காத்து நிற்கும் ரயில், சன்னலோர இருக்கை. பார்க்கிங்குக்குக் கால் மணி நேரம். வீட்டுக்குள் நுழையும்போது ஏழாகவில்லை. அந்த வாரத்தில் தோள்வலி இல்லாமல் வந்த மாலை அது ஒன்றுதான்.

இவை எல்லாம் நகருக்குள் போகிறவர்களுக்கு. எதிர்வீட்டு அண்ணனுக்கு வெம்ப்ளியில் மளிகைக் கடை வேலை. லண்டனின் கிழக்கிலிருந்து வடமேற்குக்குப் போக வேண்டும். நகருக்குள் நுழையாமலே போகும் ஓவர்கிரவுண்டுதான் அவருக்கு வழி. உட்கிரேஞ்ச் பார்க்கில் சஃப்ரஜெட் லைன் பிடித்துக் கோஸ்பல் ஓக்; அங்கே மாறி மில்ட்மே லைனில் வில்ஸ்டன் ஜங்ஷன்; பிறகு லயனஸ் லைனில் வெம்ப்ளி சென்ட்ரல். அந்தக் கடைசி நிலையம் பூட்டியிருந்தால் வில்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து ஹார்ல்ஸ்டன் பக்கம் நடந்து 18ஆம் எண் பஸ். சஃப்ரஜெட் ரயிலுக்கு நான்கே பெட்டிகள். ஒன்றை விட்டால் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் கடையில் சாமான் இறக்கும் நேரத்துக்குப் போய்விடுகிறார்.

கார் பற்றிக் கேட்பவர்களுக்கு: வார நாளில் காலை 7 முதல் மாலை 6 வரை நடுநகர் நெரிசல் கட்டணம் 2026 ஜனவரியிலிருந்து 18 பவுண்டு. பழைய டீசல் வண்டியென்றால் தூய்மைக் காற்று மண்டலத்துக்கு மேலும் 12.50. நிறுத்துமிடக் கட்டணம் தனி. இத்தனையும் கொடுத்துவிட்டு, செவ்வாயன்று நான் இருந்த அதே கமர்ஷியல் ரோட்டில் அந்த 115க்குப் பின்னால் நிற்கலாம்.

தேம்ஸில் போகும் படகு அழகான யோசனை. பார்க்கிங் ரிவர்சைடில் 2022 முதல் துறை இருக்கிறது. அங்கே போய்ச் சேரவே அரை மணி, படகில் முக்கால் மணிக்கு மேல், கட்டணமோ பஸ்ஸைப் போல் பல மடங்கு. ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்ய முடிகிறவர்கள் இந்தக் கட்டுரையை இவ்வளவு தூரம் படித்ததே பெரிது.

2014 பிப்ரவரியில் இதே போல் ஒரு ட்யூப் வேலைநிறுத்தம் நடந்தது. பயண அட்டைப் பதிவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், இருபது பேரில் ஒருவர் அளவுக்கு அதன் பிறகு தங்கள் பழைய வழிக்குத் திரும்பவில்லை என்று கண்டார்கள். ஹாரி பெக் வரைந்து 1933இல் வெளியான வரைபடத்தின் பாணியில்தான் இன்றும் நாம் லண்டனைப் பார்க்கிறோம். அதில் தூரங்கள் உண்மையானவை அல்ல. பக்கத்திலிருக்கும் நிலையம்கூடத் தொலைவில் தெரியும். ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டுக்கும் என் மேசைக்கும் இடையே கால் மணி நடைதான் என்பது எட்டு வருடம் அங்கே வேலை பார்த்த எனக்கு அந்த வியாழக்கிழமைதான் தெரிந்தது.

அடுத்த அறிவிப்பு வந்தால் என் ஏற்பாடு இது. காலை 6.40க்கு மேனர் பார்க். மாலை லிவர்பூல் ஸ்ட்ரீட் மேல்தளத்தில் அறிவிப்புப் பலகையை ஒரு பார்வை. பத்து நிமிடத்துக்குள் கிடியா பார்க் வண்டி இருந்தால் அது, இல்லாவிட்டால் நடந்து போய் ஃபென்சர்ச் ஸ்ட்ரீட். சைக்கிள் விளக்கின் மின்கலத்தை ஏற்றி வைத்திருக்கிறேன். மனைவியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் 25 பஸ்ஸிலேயே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.