‘பச்சிளங்குழந்தை ஐசியூ’ போர்டை நம்பிச் சேராதீர்கள்: நீலகிரித் தாய்மார்கள் கவனத்துக்கு

கோத்தகிரிக்கு அப்பால் எங்கள் ஊர். போன ஆடியில் எனக்குத் தலைப்பிரசவம். எங்கள் பகுதி நர்ஸம்மா ஊட்டி அரசு மருத்துவமனைக்குத்தான் போகச் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் ‘பச்சிளங்குழந்தை ஐசியூ, 24 மணி நேரமும் குழந்தை மருத்துவர்’ என்று போர்டு இருந்தது. குளிர் ஊர், குழந்தைக்கு ஏதாவது என்றால் உடனே பார்ப்பார்களே என்று அந்த ஒரு போர்டுக்காகவே அங்கே சேர்ந்தேன். பெயரை இங்கே எழுதவில்லை. புகார் மனுவில் எழுதியிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை நாலு மணிக்கு மகள் பிறந்தாள். சுகப்பிரசவம், 2.8 கிலோ. அன்று சாயங்காலமே அத்தை, “பிள்ளை கண்ணு மஞ்சளா இருக்கே” என்றார். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான், காலையில வெயில்ல காட்டுங்க” என்று போய்விட்டார். ஆடி மாதம், வெளியே மூடுபனி, எங்கே வெயில்?

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சாதாரணமாக வரும் மஞ்சள் இரண்டாம் நாள், மூன்றாம் நாளில்தான் தெரியும். முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்தால் அது சாதாரணம் இல்லை. உடனே ரத்தத்தில் பிலிரூபின் (மஞ்சளை உண்டாக்கும் நிறமி) அளவு பார்க்க வேண்டும். வெயிலில் காட்டுவது வைத்தியமே இல்லை. எனக்கு ஓ பாசிட்டிவ், குழந்தைக்கு பி பாசிட்டிவ். அம்மா ஓ பிரிவாக இருந்து குழந்தை ஏ அல்லது பி பிரிவாக இருந்தால், குழந்தையின் ரத்த அணுக்கள் சீக்கிரம் உடைந்து மஞ்சள் வேகமாக ஏறலாம். இதை ஊட்டியில்தான் எங்களுக்குச் சொன்னார்கள். என் பிரசவ அட்டையில் ரத்தப் பிரிவு எழுதியிருந்தும் அந்தத் தனியார் மருத்துவமனையில் ஒருவர்கூடக் குழந்தையின் பிரிவைப் பார்க்கவில்லை.

புதன் காலை குழந்தையை ‘ஐசியூ’வுக்குக் கொண்டு போனார்கள். பால் கொடுக்க மட்டும் கூப்பிடுவோம் என்றார்கள். மதியம் போய்ப் பார்த்தேன். சின்ன அறை, ஒரு தொட்டில், மேலே நீல விளக்கு. குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் கருவி இல்லை. குளிருக்காகக் குழந்தையைக் கம்பளியில் சுற்றி விளக்கின் கீழே படுக்க வைத்திருந்தார்கள். வெளிச்சம் முகத்தில் மட்டும் விழுந்தது, அதிலும் கண்ணைக் கட்டியிருந்தார்கள். அந்த ஒளி தோலில் பட்டால்தான் மஞ்சளைக் குறைக்கும். கண்ணை மூடி, டயப்பர் மட்டும் விட்டு, உடம்பு முழுக்க ஒளி படும்படி வைக்க வேண்டும், அறையும் கதகதப்பாக இருக்க வேண்டும். அன்று எனக்கு இது தெரியவில்லை. காலைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அதை மட்டும் சொன்னேன். இன்னொரு கம்பளி போட்டார்கள்.

அன்று ராத்திரி பிள்ளை பால் குடிக்கவில்லை. எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டாள். டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று அழுதேன். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. குழந்தை மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் கோவையிலிருந்து வருகிறவர். மற்ற நேரம் போனில் கேட்டுக்கொள்வார்களாம்.

வியாழன் காலை பத்து மணிக்கு, “சீரியஸ், கோவைக்குக் கொண்டு போங்க” என்றார்கள். எந்த மருத்துவமனை என்றும் அவர்களே சொன்னார்கள். ஆம்புலன்ஸுக்கு 9,000 ரூபாய். அதில் இன்குபேட்டர் கிடையாது. ஐசியூவுக்கு நாளுக்கு 6,500, வார்மருக்குத் தனியாக 1,200. இல்லாத வார்மருக்கு! முழுப் பணமும் கட்டினால்தான் டிஸ்சார்ஜ் என்றார்கள். வீட்டுக்காரர் தேயிலை வண்டி ஓட்டுகிறவர், ஓனரிடம் கடன் வாங்கி வந்து கட்டினார்.

அந்த நேரத்தில் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். நல்லவேளை எடுத்தார். “கோவை வேண்டாம்மா, முப்பது கிலோமீட்டர்ல ஊட்டி இருக்கு, 108-ஐக் கூப்பிடு” என்றார். 108 வந்தது. அதில் இருந்த தம்பி குழந்தைக்குக் குல்லா போட்டு, என் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்துக்கொள்ளச் சொல்லி, மேலே போர்த்திவிட்டார். இரண்டு நாளில் அவள் சூடாக இருந்தது அந்தப் பயணத்தில்தான்.

ஊட்டியில் பிலிரூபின் 18.4. இன்னும் ஏறினால் ரத்தம் மாற்ற வேண்டும் என்றார்கள். அவ்வளவு தூரம் போகவில்லை. மூன்று நாள் விளக்கில் வைத்தார்கள், ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். மஞ்சள் அதிகமானால் காது பாதிக்கலாம் என்று செவித்திறனும் பார்த்தார்கள். நன்றாகக் கேட்கிறது.

பிரசவத்துக்கு முன்பே அந்த அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இன்று ராத்திரி எந்தக் குழந்தை மருத்துவர் இங்கே இருப்பார் என்று பெயரோடு கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம் அந்தத் தனியார் மருத்துவமனையின் சிகிச்சை ஃபைல். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்பது விதி. எங்களுக்குப் பதினோரு நாள் ஆனது. அதில் புதன் மாலை ஐந்து மணி ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று இருந்தது. பிலிரூபின் 14.6. எங்களிடம் யாரும் மூச்சு விடவில்லை. அது தெரிந்தும் அன்று ராத்திரி முழுக்க அவளைக் கம்பளியில் சுற்றியே வைத்திருந்தார்கள்.

அந்தத் தாளையும் ரசீதையும் சேர்த்து மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு மனு கொடுத்திருக்கிறோம். இப்படி ஒரு போர்டை நம்பிக் குழந்தையைச் சேர்த்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் ரசீதையும் எடுத்துப் பாருங்கள். இல்லாத வார்மருக்குப் பணம் போட்டிருந்தால் நீங்களும் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.