பத்து வருஷம், ஒரே வக்கீல்

2014 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, ஷிஃப்டுக்குப் போன என்னை மில் வாசலிலேயே வாட்ச்மேன் நிறுத்திவிட்டார். "நாளையிலருந்து வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க." காகிதம் எதுவும் கிடையாது. பதினோரு வருஷ வேலை. மைத்துனர்தான் பாளையங்கோட்டையில் இந்த வக்கீலிடம் கூட்டிப்போனார். வேலை வழக்கு, சிவில், கிரிமினல் மூன்றும் பார்ப்பவர். அந்த மூன்றுக்கும் நான் அவரிடம் போயாகிவிட்டது. பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை.

அதற்கு முன் பார்த்த இன்னொரு வக்கீல், வழக்கு நிற்காது என்று திருப்பி அனுப்பியிருந்தார். என் அடையாள அட்டையில் 'சூப்பர்வைசர்'. சம்பளம் 14,000. தொழில் தகராறுச் சட்டப்படி அப்போது 10,000-க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர் 'தொழிலாளி' கணக்கில் வரமாட்டார். இவர் அட்டையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"லீவு லெட்டர்ல நீரு கையெழுத்துப் போடுவீரா, இல்ல நீரும் லெட்டரக் குடுத்துட்டு நிப்பீரா?"

"நானும் நிப்பேன் சார்."

"மெஷின் நின்னா யாரு கை வைப்பா?"

"நான்தான்."

"அப்போ நீரு தொழிலாளிதான் வே. பேரு கம்பெனி வச்சது. செஞ்ச வேலை என்னன்னுதான் கோர்ட்டு பாக்கும்."

எந்த பேரிங்கை என்றைக்கு மாற்றினேன் என்று நான் குறித்து வைத்திருந்த, எண்ணெய்க் கறை படிந்த பாக்கெட் நோட்டுதான் கடைசியில் எங்கள் தரப்பில் முக்கியமான சான்றாவணம். வீட்டில் அதைப் பழைய பேப்பரோடு போடப் பார்த்தார்கள்.

சமரச அதிகாரியிடம் மனுப் போட்டு 45 நாள் போனதும் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம். 2018-ல் தீர்ப்பு: மீண்டும் வேலை, பாதிச் சம்பளப் பாக்கி. கம்பெனி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. வழக்கு அங்கே நடக்கும் காலத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கேட்க, தொழில் தகராறுச் சட்டத்தில் அப்போது 17பி பிரிவு இருந்தது. ஆனால் வேறெங்கும் வேலை பார்க்கவில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியிருந்தது. நான் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "பொய் சத்தியம் பண்ணச் சொல்ல மாட்டேன்" என்று வக்கீல் மனுவே போடவில்லை. அன்றைக்கு எனக்குக் கடுப்புதான்.

2021-ல் கம்பெனியோடு பேசி முடித்தோம். பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கில் கம்பெனி மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுத்திருந்தது. சட்டப்படி 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அப்புறம் வருஷங்களால் பெருக்க வேண்டும். அவர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் சுழித்தது இன்னும் நினைவிருக்கிறது.

சிவில் வழக்கு வரப்புத் தகராறு. பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற எங்கள் வயலில் பக்கத்துக்காரர் ஒரு முழம் தள்ளி வரப்பு போட்டார். தடை உத்தரவு கேட்டோம். கோர்ட்டு நியமித்த கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்து போனார். வழக்கு இன்னும் வாய்தாவில்தான் ஓடுகிறது. ஜூனியர் போய் நிற்பார், அடுத்த தேதியோடு வருவார். இந்த விஷயத்தில் வக்கீல் மேல் எனக்கு வருத்தம் உண்டு. போனை எடுக்கமாட்டார், கட்டிய ஃபீஸுக்கு நாமாகக் கேட்டால்தான் ரசீது.

அந்த வரப்பில் நடந்த வாய்ச்சண்டைதான் 2024 ஜூலையில் போலீஸ் கேஸானது. ஆபாசமாகத் திட்டினேன், மிரட்டினேன் என்று புகார். ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்தேன், அதிசயமாக எடுத்தார். "294பி, 506 தானே? பயப்படாதீரும்" என்றார். பக்கத்திலிருந்த ஜூனியர், "சார், இந்த மாசத்துலருந்து புதுச் சட்டம், 296பி, 351" என்று திருத்துவது எனக்கும் கேட்டது. "சரி, அதேதான். ஸ்டேஷன்ல நோட்டீஸ் குடுத்தா வாங்கிக்கிடும். வெத்துப் பேப்பர்ல மட்டும் கையெழுத்துப் போட்றாதீரும்."

மறுநாள் ஸ்டேஷனில் முதலில் நீட்டியதே ஒரு வெற்றுத் தாள்தான். வக்கீலைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்றேன். ஏட்டு சிரித்துக்கொண்டே அதை மடித்து டிராயருக்குள் வைத்துக்கொண்டார்.