ஒரு மேசை, ஐந்து நாட்டு ரயில்: எந்தப் பொய் பரவாயில்லை?

மாடல் ரயில் வாங்கலாம் என்று இருக்கிறேன், எந்த ஸ்கேலில் தொடங்குவது என்று யாராவது கேட்டால் போதும், "எச்.ஓ. வாங்குங்க, அதுலதான் எல்லாம் கிடைக்கும்" என்று பதில் வந்துவிடும். (ஸ்கேல் என்றால் நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்கியது என்ற கணக்கு; எச்.ஓ. 87-ல் ஒரு பங்கு.) நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் இதற்கென்று கிடைத்தது ஆறு அடிக்கு இரண்டரை அடி மேசை, அதாவது 183-க்கு 76 செ.மீ. அதன் மேல் சாக்பீஸும் நூலும் வைத்து வட்டம் போட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, ஒவ்வொரு நாட்டுக்காரரும் எங்கோ ஓர் இடத்தில் அளவை ஏமாற்றியிருக்கிறார்கள். யார் எங்கே ஏமாற்றினார்கள், அதில் எது நம் கண்ணை உறுத்தாது என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பிரிட்டன், ஏனென்றால் அங்கேதான் பொய் பச்சையாகத் தெரிகிறது. அந்த ஊர் என்ஜின்கள் ஐரோப்பிய என்ஜின்களைவிடக் குறுகலானவை, பழைய பாலங்களும் சுரங்கங்களும் அப்படி. அந்தக் காலத்து மோட்டாரை எச்.ஓ. அளவு (1:87) உடம்புக்குள் திணிக்க முடியவில்லை. சரி, உடம்பை மட்டும் பெரிதாக்குவோம் என்று 1:76-க்குப் போனார்கள், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை (கேஜ்) எச்.ஓ.வின் 16.5 மி.மீ.யிலேயே விட்டுவிட்டார்கள். இதுதான் டபுள் ஓ. பெருக்கிப் பார்த்தால் அந்த இடைவெளி 1257 மி.மீ. வருகிறது, நிஜத்தில் 1435. முன்னாலிருந்து பார்த்தால் பெரிய உடம்பும் ஒடுங்கிய காலுமாக நிற்கும். இதைத் தாங்க முடியாதவர்கள் 18.83 மி.மீ.க்குத் தாங்களே தண்டவாளம் கட்டி, சக்கரத்தையெல்லாம் மாற்றுகிறார்கள். அவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது.

ஆனால் திட்டம் போடுவதில் பிரிட்டிஷ்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை. வட்டமே வேண்டாம் என்பார்கள். ஒரு பலகையில் சின்னக் கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷன், பக்கத்தில் தடுப்புக்குப் பின்னால் வண்டிகளை ஒளித்துவைக்க நாலு லைன், போதும். இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் இங்கிள்நூக் என்ற வேகன் கோக்கும் புதிர்: ஐந்து வேகன், மூன்று வேகன், மூன்று வேகன் நிற்கும் மூன்று சைடிங் (ஒதுக்குப் பாதை), ஆனால் வேகன்கள் எட்டுதான், மீதி இடம் நகர்த்துவதற்கு. சீட்டு எடுத்து, அதில் வந்த வரிசைப்படி ஐந்து வேகன்களைக் கோக்க வேண்டும். கேட்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதில் உட்கார்ந்து எழுந்தபோது காபி ஆறிப்போயிருந்தது.

ஜெர்மனியில் எச்.ஓ. சரியான எச்.ஓ., 1:87-க்கு 16.5, கணக்கு பிசகாது. பொய் பெட்டியின் நீளத்தில். 26.4 மீட்டர் பெட்டி 1:87-ல் 30 செ.மீ. வரும், அது வீட்டு வளைவில் திரும்பும்போது நடுப்பகுதி உள்ளே வந்து பிளாட்பாரத்தை இடிக்கும். அதனால் 28 செ.மீ., 26 செ.மீ. என்று நறுக்கிய பெட்டிகளையே ரொம்ப காலம் விற்றார்கள். ஜன்னல் எண்ணிப் பார்க்கும் ஆளாக இல்லாவிட்டால் தெரியாது. சேகரிப்பதற்கு இந்த நாடுதான் வசதி: எபோக் என்று காலத்தைப் பிரித்து டப்பாவிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். மூன்றாம் எபோக் என்றால் போருக்குப் பிந்தைய நீராவி, டீசல் எல்லாம் கலந்த காலம். அதை மட்டும் வாங்கினால் அலமாரியில் எதுவும் ஒன்றுக்கொன்று அந்நியமாகத் தெரியாது.

இங்கே ஒரு கிளைப் பிரச்சினை, மெர்க்லின் என்ற ஜெர்மன் கம்பெனி. நடுவில் மின்சாரம் தரும் சின்னக் குமிழ்கள் (ஸ்டட்) வைத்த மூன்று தண்டவாள முறை, வெளித் தண்டவாளம் இரண்டும் மின்சாரத்துக்கு ஒன்றே. வண்டி வளைந்து வந்து அதே பாதையில் திரும்பச் சேரும் லூப்பை யோசிக்காமல் போடலாம். இரண்டு தண்டவாள முறையில் அதே லூப் போட்டால் இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தோடு போய் ஒட்டி ஷார்ட் ஆகும், அதற்கென்று தனியாக வயரிங் செய்ய வேண்டும். சக்கரங்களுக்கு நடுவே இன்சுலேஷன் இல்லாத மூன்று தண்டவாள முறை என்ஜினை, பழசாக மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிவந்து என் இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தேன். கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு. குறை என்ஜினில் இல்லை, என்னிடம்.

அமெரிக்காவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அளவில் பொய் இல்லை, இடத்தில்தான் ஆசை காட்டி மோசம் செய்வார்கள். பிக் பாய் என்ற ராட்சத நீராவி என்ஜினும் அதன் டெண்டரும் (கரி, தண்ணீர் வண்டி) சேர்ந்து எச்.ஓ.வில் 46 செ.மீ., என் மேசையின் கால்வாசி. 14 செ.மீ. பாக்ஸ்கார்களை (மூடிய சரக்கு வேகன்) வைத்து அலமாரிப் பலகையில் ஷண்டிங், அதாவது வேகன்களை மாற்றிக் கோப்பது, செய்யலாம்தான், அதற்கு இங்கிள்நூக்கே போதுமே.

ஜப்பான் இதற்கெல்லாம் எதிர்த் திசையில் ஏமாற்றுகிறது. அங்கே சாதாரணப் பாதை 1067 மி.மீ.; 1:150-ல் செய்து 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள் (இதற்குப் பெயர் 'N' ஸ்கேல்), அது 1350-க்குச் சமம். கால் அகலம், உடம்பு ஒல்லி. வேடிக்கை என்னவென்றால் ஷிங்கன்சென் என்ற புல்லட் ரயில் மட்டும் நிஜத்திலும் 1435, அதை 1:160-ல் செய்கிறார்கள், கணக்கு கிட்டத்தட்ட சரியாகிவிடுகிறது. அப்புறம் காட்டோ, டோமிக்ஸ் கம்பெனிகளின் தண்டவாளங்கள் அடியில் ஜல்லியோடு சேர்ந்தே வரும், தரையில் விரித்துக் க்ளிக் க்ளிக் என்று மாட்டி, ஓட்டிவிட்டு டப்பாவில் எடுத்து வைத்துவிடலாம். சின்ன வீட்டில் வாழ்கிறவர்கள் யோசித்துச் செய்த பொருள் என்பது கையில் எடுத்தாலே தெரியும்.

நம்ம ஊர் வண்டி? அதுதான் எல்லாருக்கும் ஆசை. பிராட்கேஜ் 1676 மி.மீ., எச்.ஓ.வில் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும், ஆனால் ஓடுவது அதே 16.5-ல். டபுள் ஓ.வைவிட மோசமான பொய் இது, ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் ஐ.சி.எஃப். பெட்டியின் ஜன்னல் கம்பிதான் கண்ணில் படும். எனக்குப் பொய் பிரச்சினை இல்லை, நீளம்தான் பிரச்சினை: 24 பெட்டி எக்ஸ்பிரஸ் எச்.ஓ.வில் ஆறு மீட்டர். ஊட்டி ரயில் என்றால் கதை வேறு, மீட்டர் கேஜுக்கு எச்.ஓ.வில் 12 மி.மீ. தண்டவாளம் இருக்கிறது, பேமோ என்ற கம்பெனி அதில் சுவிஸ் வண்டிகள் செய்கிறது. உடம்பை மட்டும் நாமே கட்ட வேண்டும். எப்போதாவது பார்க்கலாம்.

மேசைக்கு வருகிறேன். எச்.ஓ.வின் மிக இறுக்கமான 36 செ.மீ. ஆரம் போட்டாலே விட்டம் 72, ஸ்லீப்பரும் பெட்டி வெளியே நீட்டும் இடமும் சேர்த்தால் 76-ல் அடங்காது, டபுள் ஓ.வும் அப்படியே. 'N' ஸ்கேலில் காட்டோவின் 315, 348 மி.மீ. ஆர வளைவுகள் இரண்டும் அடங்கி, இரட்டைப் பாதையே கிடைக்கிறது, ஓரத்தில் விரல் வைக்க இடமும் இருக்கிறது. ஆகவே மேசைக்கு ஜப்பான், சுவர்ப் பலகைக்கு டபுள் ஓ. இங்கிள்நூக், நம்ம ஊர் சிவப்பு மின்சார என்ஜின் ஒன்று கண்ணாடி அலமாரியில் ஓடாமல் நிற்கும்.

ஷிங்கன்செனில் பதினாறு பெட்டியும் வாங்கத்தான் இருந்தேன். வெளிவட்டப் பாதை மொத்தம் 4.3 மீட்டர்தான், பதினாறு பெட்டி 2.5 மீட்டர். அட்டையில் பெட்டி அளவுக்கு வெட்டி வரிசையாக அடுக்கிக் காட்டியபோது மகள், "அப்பா, இது தன் வாலையே துரத்துது" என்றாள். எட்டு பெட்டிதான் ஆர்டர் போட்டிருக்கிறேன்.