எமோண்டாவா, டோமானேயா: டெல்டா சாலைக்கு எந்த ஃபிரேம்?

கல்லணை–பூம்புகார் சாலையில் ஓட்ட ரோடு பைக் தேடுபவர்கள் முதலில் விசாரிப்பது எடையைத்தான். மேடே இல்லாத ஊரில் அரைக் கிலோ குறைந்து என்ன ஆகப்போகிறது? பார்க்க வேண்டியவை ஸ்டாக்கும் ரீச்சும். பெடல் கைகள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, ஃபிரேமின் முன்குழாயான ஹெட் டியூபின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பது ரீச்.

டிரெக் கம்பெனியின் இரண்டு வண்டிகள், இரண்டும் 56 சைஸ். எமோண்டாவின் ஸ்டாக் 563 மி.மீ., ரீச் 391. டோமானேவுக்கு 591, 377. அதாவது டோமானேயில் முன்பக்கம் 28 மி.மீ. உயரம், 14 மி.மீ. கிட்டம். ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் டார்மாக் எஸ்.எல்.7 எமோண்டாவின் பங்காளிதான்: 565, 395.

"ஸ்பேசர் போட்டு ஏத்திக்கலாம் சார்" என்பார்கள் கடையில். ஹேண்டில்பாரை உயர்த்த அடியில் போடும் வளையம்தான் ஸ்பேசர். பொய்யில்லை. அந்த வளையங்கள் ஏறும் ஸ்டியரர் குழாய் பின்னால் சாய்ந்திருப்பதால் 10 மி.மீ. ஏற்றினால் ரீச்சும் சுமார் 3 மி.மீ. குறையும். எமோண்டாவில் 3 செ.மீ. அடுக்கினால் டோமானேவுக்கு அரை செ.மீ. பக்கத்தில் வந்துவிடும். ஆனால் கார்பன் ஸ்டியரரில் அதற்கு மேல் ஏற்ற அதிகம் இடமிருக்காது. ஃபிரேமில் நுழையும் டயரின் அதிகபட்ச அகலமும் மாறாது: எமோண்டாவில் 28 மி.மீ., டோமானேயில் 38. அறுவடை நேரத்தில் டிராக்டர் இழுத்துவந்த சேறு காய்ந்து கட்டிதட்டிக் கிடக்கும் சாலையில் அந்த 10 மி.மீ. என்னவென்று மணிக்கட்டுக்குத் தெரியும்.

காற்றைச் சொல்லி எமோண்டாவுக்கு வாதாடுபவர்கள் உண்டு. ஆடி மாதம் திருவையாற்றிலிருந்து மேற்கே போனால் எதிர்காற்று ஆளைப் பின்னால் தள்ளும், குனிந்து போனால் லாபம்தான். ஆனால் டோமானேயிலும் ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்துக் குனியலாமே. அதைவிட, மலைப்பாதையில் ஏற்றம் வந்தால் எழுந்து மிதிப்போம், இறக்கத்தில் மிதிக்காமல் விடுவோம். முதுகுக்கு மாற்றம் கிடைக்கும். இங்கே கும்பகோணம் வரை ஒரே உட்கார்வு. சமதளத்தில்தான் உயர்ந்த ஸ்டாக் அதிகம் தேவை என்பது என் கட்சி. டோமானேவுக்கே என் ஓட்டு. கால் நீட்டி உட்கார்ந்து பாதத்தைச் சுலபமாகத் தொடுகிறவர், குழுவாக வேகம் பிடிக்கிறவர் என்றால் எமோண்டாவை எடுக்கலாம்.

எதை எடுத்தாலும் சரி, ரீச் நீளமாக இருக்கிறதென்று சீட்டை முன்னால் தள்ளாதீர்கள், முழங்கால் கெடும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் 100 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு 80 போடுங்கள்.