மாடிக் காற்றாடியும் டிசி பெட்டியும்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

காற்றில் கரண்ட் எடுக்கும் மாடிக் காற்றாடியையும், அதையும் சோலார் பேனலையும் சேர்த்து பேட்டரிக்கு அனுப்பும் பெட்டியையும் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டியை வாங்குங்கள், காற்றாடியை விட்டுவிடுங்கள்.

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததிலிருந்தே சொந்தமாகக் கொஞ்சம் கரண்ட் வேண்டும் என்று ஒரு நமைச்சல். போன வருஷம் புதுச்சேரியில் ஒரு கடையில் 1 கிலோவாட் காற்றாடி, நாலு சோலார் பேனல், இரண்டையும் சேர்க்கிற கன்ட்ரோலர் பெட்டி எல்லாம் ஒரே செட்டாகக் கொடுத்தார்கள். பேட்டரி சேர்க்காமல் 1,60,000 ரூபாய்.

காற்றாடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த 1 கிலோவாட் என்பது நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால்தான். தென்னை மரங்களைத் தாண்டி எங்கள் மாடிக்கு வரும் மாலைக் கடல்காற்று 6 மீட்டரைத் தொட்டாலே பெரிது, வேகம் பாதியானால் கரண்டும் பாதி என்று நானும் நினைத்திருந்தேன், ஆனால் கிடைப்பது எட்டில் ஒரு பங்குதான், அதாவது 125 வாட். காற்றாடிக்குக் கீழே அம்மா படுக்கும் அறையில் ராத்திரி முழுக்க ஒரு உறுமல் வேறு. மூணு மாதத்தில் உப்புக்காற்று போல்ட்டுகளைத் தின்றுவிட்டது.

பெட்டி வேறு ரகம். காற்றாடி தருவது மூணு ஃபேஸ் ஏசி (திசை மாறி மாறி ஓடும் கரண்ட்), காற்று ஏறி இறங்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்கும். பெட்டி அதை டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) ஆக்கி, பேனல் கரண்டோடு ஒரே 48 வோல்ட் லைனில் சேர்த்து பேட்டரிக்கு அனுப்புகிறது. ஃபேனும் விளக்கும் நேராக டிசியில் ஓடுகின்றன. மிக்சிக்கும் ஃபிரிட்ஜுக்கும் மட்டும்தான் இன்வெர்ட்டர், அது சும்மா இருந்தாலே பேட்டரியைக் குடிக்கிற ஜென்மம். பேட்டரி நிறைந்துவிட்டால் காற்றாடியைச் சட்டென்று கழற்றிவிட முடியாது, சுமை இல்லாமல் வெறி பிடித்துச் சுற்றும், அதனால் மிச்சக் கரண்டை ஒரு ஹீட்டர் சுருளில் கொட்டுகிறார்கள். மழைக்காலத்தில் எங்கள் பூனை படுப்பது அந்தச் சுருளுக்குக் கீழேதான்.

இனி வயிற்றெரிச்சல். நாலு பேனலையும் தொடராகப் போட்டதில் 160 வோல்ட்டுக்கு மேல் டிசி. அதற்கு அந்தக் கடை ஆள் மாட்டியது வீட்டு லைனில் போடுகிற சாதாரண ஏசி எம்சிபி, அதாவது கரண்டை அறுக்கும் சுவிட்ச். ஒரு நாள் மதியம் பேனல் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை இறக்கினேன். உள்ளே நீலமாக ஒரு சடசடப்பு, நிற்கவே இல்லை, பிளாஸ்டிக் கருகும் வாசனை. மாடிக்கு ஓடி பேனல்கள் மேல் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திய பிறகுதான் அடங்கியது. ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், பொறி தானாக அணைய வழி உண்டு. டிசிக்கு அந்தப் பூஜ்யமே கிடையாது.

கடலில் நிற்கும் பெரிய காற்றாலைகளுக்கும் டிசியை அறுக்கிற இதே தலைவலிதான் என்று அப்புறம்தான் புரிந்தது. அவர்கள் ஏன் டிசிக்குப் போகிறார்கள் என்றால், நீளமான கடலடிக் கேபிளில் ஏசி அனுப்பினால், கேபிளே கரண்டைச் சேர்த்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டர் போல நடந்துகொண்டு, தன்னை நிரப்பிக் காலி செய்வதிலேயே கரண்டைத் தின்னும். அதனால்தான் ஜெர்மனியின் வட கடலில் 400 மெகாவாட் போர்வின் 1 இணைப்பு டிசியில் கரைக்கு வருகிறது. நம் புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் லைனும் அதே வகைதான். ஆனால் பாருங்கள், கடலுக்குள் காற்றாடிகளிலிருந்து, ஏசியை டிசி ஆக்கும் கடல் மேடை வரை கரண்டைச் சேர்ப்பது இன்னும் 33 அல்லது 66 கிலோவோல்ட் ஏசியில். இத்தனைக்கும் இப்போதைய பெரும்பாலான கடல் காற்றாடிகளுக்குள் கரண்ட் ஒருமுறை டிசி ஆகித் திரும்ப ஏசி ஆகிறது, மேடையில் மறுபடியும் டிசி. நடுவே டிசியாகவே வைத்துக்கொள்ளலாமே என்றால், டிசியை ஏற்ற சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் உதவாது, பெரிய கன்வெர்ட்டர் வேண்டும், பழுது வந்தால் அறுக்க நம்பகமான பிரேக்கரும் வேண்டும். என் 160 வோல்ட்டுக்கே தார்ப்பாய் தேவைப்பட்டது!

கடைக்குப் போன் போட்டால், “எல்லாருக்கும் இதைத்தான் சார் போடறோம்” என்கிறார்கள். என் காசில் டிசி எம்சிபி வாங்கி மாட்டினேன். பெட்டிக்கு 5க்கு 4, காற்றாடிக்கு 1, மாட்டிய லட்சணத்துக்குப் பூஜ்யம்.

இதே செட்டை வாங்கியவர்கள் பேனல் பக்கத்து எம்சிபியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். ஏசியைக் குறிக்கும் அலைக்குறி (~) மட்டும் இருந்தால் பகலில் அதைத் தொடாதீர்கள், பொழுது சாய்ந்த பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.