கையைக் கடிக்காத டவுன்ஹில் சைக்கிள்: எந்த இடத்தில் கை வைத்திருக்கிறார்கள்?

மலைச்சரிவில் வேகமாக இறங்குவதற்கென்றே செய்த டவுன்ஹில் சைக்கிளைப் புதிதாக வாங்க நினைக்கிறவர்கள் முதலில் செய்கிற வேலை, ஒரே மாடலின் மூன்று நான்கு ரகங்களைப் பக்கம் பக்கமாகத் திறந்துவைத்து, உச்ச ரகத்தில் முன் சக்கரத்தைத் தாங்கி மின்னுகிற தங்க நிற ஃபோர்க்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது. கீழ் ரகம் மிச்சம் மீதியை வைத்துக் கட்டியது என்று ஒரு நினைப்பு. அது பாதி உண்மைதான். விலையைக் குறைக்க எங்கேயாவது கை வைத்தே ஆக வேண்டும், ஆனால் அதை எங்கே வைத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழ் ரகங்கள் சிலவற்றையும் மேல் ரகங்கள் சிலவற்றையும் ஓட்டிப் பார்த்த வரையில், நல்ல ஃப்ரேமின் கடைசி ரகம்தான் காசுக்குச் சரியான சைக்கிள் என்பது என் கட்சி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

ஃப்ரேமிலிருந்து ஆரம்பிக்கலாம். கார்பனா அலுமினியமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம். கமென்சால் என்கிற கம்பெனி பல வருடங்களாக அலுமினியத்தில் மட்டுமே ஃப்ரேம் செய்கிறது, அதே அலுமினிய சைக்கிளில்தான் பிரெஞ்சு வீரர் அமோரி பியரோன் 2018லும் 2022லும் உலகக் கோப்பை டவுன்ஹில் தொடரையே வென்றார். அவருக்குப் போதும் என்றால் நமக்கும் போதும். கார்பன் எடுத்தால் எடை கொஞ்சம் குறையும், அது சரி. ஆனால் டவுன்ஹில் சைக்கிள் எப்படியும் 16, 17 கிலோ வரும், மேலே போவது லிஃப்டிலோ வண்டியிலோ, கீழே வருவது புவியீர்ப்பின் தயவில். இதில் அரை கிலோவைக் குறைக்க ஏன் செலவு செய்ய வேண்டும்? பாறையில் இடித்தால் அலுமினியம் நசுங்குவது கண்ணுக்குத் தெரியும் என்பது வேறு ஒரு நிம்மதி.

கியர் விஷயத்தில் இன்னும் தாராளமாகவே விட்டுக்கொடுக்கலாம். 2015ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில், கிளம்பிய உடனேயே அமெரிக்க வீரர் ஏரன் க்வினின் செயின் அறுந்துபோனது, மனிதர் மிதிக்கவே முடியாமல் இறங்கி வந்து முதலிடம் பிடித்தார். செயினே இல்லாமல் ஜெயிக்கிற விளையாட்டில் டெரெய்லர் (கியர் மாற்றுகிற கருவி) எந்த ரகம் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஏழு கியர் போதும், செயின் நழுவாமல் பிடிக்கிற செயின் கைடும் பல்சக்கரத்தைக் காக்கிற பேஷ் கார்டும் இருந்தால் சரி. பின் ஹப்பில் விலை குறைந்த, பல் குறைவான ராட்செட் (மிதிக்கும்போது மட்டும் பிடிக்கிற பல் அமைப்பு) இருந்தாலும் வருத்தப்படாதீர்கள். சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் பெடலைப் பின்னுக்கு உதைக்கும் பாருங்கள், அந்த உதை இந்த மாதிரி ஹப்பில் குறைவாகத்தான் வரும். மலிவுச் சரக்கு உங்களுக்கு நல்லது செய்கிற அபூர்வமான இடம் இது.

இனி காசு போக வேண்டிய இடங்கள்.

ஃபோர்க். இரட்டை கிரவுன் (கால்களை மேலும் கீழும் இரண்டு இடத்தில் பிடிக்கிற அமைப்பு), 200 மி.மீ. டிராவல் (அமுங்குகிற தூரம்), இதில் பேரமே கிடையாது. ராக்‌ஷாக்ஸின் இப்போதைய பாக்ஸர் ஃபோர்க்கை எடுத்துக்கொண்டால், அடிமட்ட பேஸ் ரகத்துக்கும் உச்சத்தில் இருக்கிற அல்டிமேட்டுக்கும் கால்கள் ஒரே மாதிரிதான், இரண்டிலும் 38 மி.மீ. ஸ்டான்ஷன் (உள்ளே வழுக்கி இறங்குகிற குழாய்). மாறுவது உள்ளே இருக்கிற டேம்பர், அதாவது அமுங்கி எழுகிற வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பகுதி. பேஸில் திருகுகள் குறைவு, மெதுவான அமுக்கத்தையும் வேகமான அமுக்கத்தையும் தனித்தனியாகச் சரிசெய்ய முடியாது. நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த இரண்டையும் தனித்தனியாகத் திருகி வித்தியாசம் உணர்கிற நிலையில் இருக்கிறீர்களா? நான் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் வாங்கிய அன்று ஒருமுறை திருகிவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை. பின்னாளில் தேவைப்பட்டால் டேம்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். போன தலைமுறையின் 35 மி.மீ. பாக்ஸர் போட்ட பழைய ஸ்டாக் சைக்கிள் தள்ளுபடியில் கிடைத்தாலும் தயங்க வேண்டாம், பல வருடம் உலகக் கோப்பையில் ஓடிய சரக்கு அது.

பின் ஷாக்கில் பெரும்பாலும் காயில் ஸ்பிரிங் வரும். இங்கே ஒரு பொறி உண்டு, விமர்சனங்களில் யாரும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. கம்பெனிகள் வழக்கமாக ஃப்ரேம் அளவுக்கு ஒரு ஸ்பிரிங் என்று கணக்கு வைத்து அனுப்புகின்றன, உங்கள் எடை அவர்களுக்கு எப்படித் தெரியும்? உயரமாக ஒல்லியாக இருக்கிறவர் பெரிய அளவு வாங்கினால், கனமான ஆளுக்கான ஸ்பிரிங்கோடு சைக்கிள் வந்து நிற்கும், ஓட்டினால் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும், ‘மலிவு ஷாக் அப்படித்தான்’ என்று திட்டிக்கொண்டிருப்பார். ஸ்பிரிங்கின் மேலேயே 400, 450, 500 என்று எண் இருக்கும், எண் கூடக் கூட ஸ்பிரிங் கடினம். ஹெல்மெட், பாதுகாப்புக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறி நின்றால் பின் டிராவலில் 30 சதவீதம் அளவுக்கு அமுங்க வேண்டும். ரொம்பக் குறைவாக அமுங்கினால் ஸ்பிரிங் கடினம், ஸ்பிரிங்கை இறுக்குகிற பிரீலோட் வளையத்தை இரண்டு சுற்றுக்கு மேல் இறுக்கினால்தான் அளவு வருகிறது என்றால் அது உங்களுக்கு மென்மை. ஷாக்கின் விலையோடு ஒப்பிட்டால் ஸ்பிரிங் ஒன்றுமே இல்லை, வாங்கும்போதே மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கணக்கே வேண்டாம் என்கிறவர்கள் ஏர் ஷாக் போட்ட ரகமாகப் பார்க்கலாம், பம்ப் இருந்தால் போதும். ஆனால் சின்னச் சின்ன அதிர்வை விழுங்குவதில் காயிலுக்கே என் ஓட்டு.

பிரேக்கில் கை வைத்திருந்தால் அந்த சைக்கிளை விட்டுவிடுங்கள். நான்கு பிஸ்டன் காலிப்பர் (பேடை அழுத்துகிற பகுதி), இரண்டு சக்கரத்திலும் 200 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட ரோட்டர் (பிரேக் தட்டு), இது இல்லாமல் டவுன்ஹில் என்று பெயர் வைப்பதே தப்பு. நீளமான இறக்கத்தில் ரோட்டர் சூடேறி லீவர் ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தால் பயம் என்றால் என்னவென்று தெரியும். விலை உயர்ந்த லீவர்தான் வேண்டும் என்பதில்லை. ஸ்ராமின் கோட் ஆர், கோட் ஆர்எஸ்சி இரண்டுக்கும் காலிப்பர் அதே நான்கு பிஸ்டன்தான், வித்தியாசம் பெரும்பாலும் லீவரில். ஷிமானோவிலும் கீழ்வரிசையிலேயே நான்கு பிஸ்டன் கிடைக்கிறது. ஆனால் ஒன்றை உற்றுப் பாருங்கள்: ஷிமானோவின் விலை குறைந்த ரோட்டர்கள் சிலவற்றில் ரெசின் பேட் மட்டும் போடவும் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆகவே பேட் மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது.

டயர் பற்றி ஒரே பேச்சுதான். மேக்சிஸ் அஸகாய் என்று பெயரைப் பார்த்து மயங்காதீர்கள், அதே பெயரில் மெல்லிய கேசிங்கிலும் (டயரின் உள் அடுக்கு) வரும், தடித்த டிஹெச் (டவுன்ஹில்) கேசிங்கிலும் வரும். மெல்லியது போட்டு அனுப்பியிருந்தால் புது டயருக்கான காசையும் சைக்கிள் விலையோடு கூட்டிக்கொண்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

சக்கர அளவு? 2017ல் பிரான்சின் லூர்து உலகக் கோப்பையில் 29 அங்குலம் வந்ததிலிருந்து ஆரம்பித்த சண்டை, 2019ல் முன்னும் பின்னும் வேறு வேறு அளவு போடலாம் என்று விதி தளர்ந்த பிறகு ஓரளவு ஓய்ந்துவிட்டது. முன்னே 29, பின்னே 27.5 என்ற கலவை குள்ளமானவர்களுக்கு நல்லது, சரிவில் பின்னால் சாயும்போது டயர் உரசாது. ஃப்ரேம் அளவைப் பொறுத்தவரை சீட் உயரத்தைப் பார்க்காமல் ரீச் எண்ணை (பெடல் அச்சுக்கும் ஹேண்டில் கழுத்துக்கும் இடையிலான கிடைமட்ட தூரம்) பாருங்கள். நின்றுகொண்டே ஓட்டுகிற சைக்கிளுக்கு சீட் கணக்கு எதற்கு.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, தள்ளி நிற்க வேண்டிய கூட்டம். இரட்டை கிரவுன் மாதிரி தெரிகிற ஃபோர்க், தடித்த குழாய், பெரிதாக ‘டிஹெச்’ ஸ்டிக்கர், ஆனால் ஃபோர்க் மாடல் என்ன, ஷாக்குக்கு உதிரி கிடைக்குமா என்று கேட்டால் பதில் இல்லை. விலை ஆசை காட்டும். அந்தப் பணத்துக்கு 170, 180 மி.மீ. டிராவல் உள்ள, ஒற்றை கிரவுன் பார்க் சைக்கிள் ஒன்றைப் பார்ப்பது எவ்வளவோ மேல், கமென்சால் கிளாஷ், புரோபைன் ஸ்பின்டிரிஃப்ட் மாதிரி. சொல்லப்போனால் லிஃப்ட் வசதி பக்கத்தில் இல்லாதவர்களும், வாரத்தில் பாதி நாள் தானே மிதித்து மேலே ஏறுகிறவர்களும் டவுன்ஹில் சைக்கிளே வாங்க வேண்டியதில்லை.

கேன்யன், கமென்சால் போன்ற நேரடி விற்பனைக் கம்பெனிகளில் ஒரே காசுக்கு மேலான உதிரிகள் வரும். பதிலுக்கு, ஏதாவது உடைந்தால் பெட்டி கட்டி அனுப்பிக் காத்திருக்க வேண்டியது நீங்கள்தான். கடையில் வாங்கினால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் முதல் சர்வீஸும் ஸ்பிரிங் மாற்றமும் அங்கேயே முடியும். எங்கே வாங்கினாலும் டெரெய்லர் ஹேங்கர் (டெரெய்லரை ஃப்ரேமோடு இணைக்கிற துண்டு) யுடிஹெச் என்கிற பொதுத் தரத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள், விழுந்தால் முதலில் வளைவது அதுதான், யுடிஹெச் என்றால் எந்தக் கடையிலும் மாட்டிக்கொள்ளலாம். வாங்குகிற அன்றே இரண்டு சேர்த்து எடுத்து ஒன்றைப் பையில் போட்டு வைத்துவிடுங்கள்.